வாசனை இல்லை

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதுக்கு நீ..."

"அதைத்தான் சொல்லிட்டிருக்கேன், என்னை முடிக்க விட்டாத்தானே..."

"என்னத்தை முடிக்கப்போற? ட்ரையல், ட்ரையல். எனக்கு அடுத்த மாசம் டியூ டேட். உன் ட்ரையலுக்கு மட்டும் தேதியே கிடையாது."

"முதியோர் ஹோம்ல இருக்கிறவங்களுக்கு பேட் கொடுத்திருக்கு தீபி, நடுவுல விட்டுட்டு..."

"அவங்களுக்கு நீ யாரு? எனக்கு நீ யாரு?"

இதற்கு மேல் இரண்டு குரலும் ஒரே சமயத்தில் பேசின. தன் கணவன் தருணின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி அவர் ஹாசன் ஊரைவிட்டு அசைய முடியாத நிலையில் இருப்பதை மகள் சொன்னாள். நல்ல ஆயா ஒருத்தியைத் தான் பார்த்து வைத்திருப்பதைத் தாய் சொன்னாள். ஆயாவைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு வந்து இருக்கத் தெரியவில்லையே என்று மகள் சொன்னாள். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த தாயின் மாடி வீட்டில் ஒரு சோபாவும் இரண்டு நாற்காலியும் உண்டு. வயிற்றைப் பிடித்தபடி தீபிகா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ராதா வழக்கம்போல ஜன்னலோரம் நின்றாள்.

"உட்காரேன். நான் வந்ததிலேர்ந்து ஜன்னல்கிட்டயே நிக்கற. எங்க வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். எப்ப கிளம்பலாம்னே பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ராத்திரி தங்கினே. அப்புறம் இந்த ரெண்டு வருஷத்துல வந்தா அரை மணி நேரம். நீ மறந்துட்டுப் போன குடை இன்னும் எங்க வீட்டு ஆணியில தொங்குது, தெரியுமா?"

தெரியும். அந்தக் குடையை மறந்தது எப்படி என்பதும் ராதாவுக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது, "குடையை அப்புறம் எடுத்துக்கறேன்" என்பதுதான்.

தீபிகா எழுந்துகொண்டாள். எழுந்திருக்கக் கைகொடுக்க ராதா ஓர் அடி வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள். அந்த ஓர் அடியையும் அது நின்றதையும் மகள் பார்த்தாள். படியிறங்கும்போது அவள் திரும்பாமலே சொன்னாள்:

"வேண்டாம்மா. வராதே. நீ அந்த பேடையே கட்டிக்கிட்டு இரு."

அதைத்தான் ராதா கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவின் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, தனக்கென்று ரப்பர் விரிப்பு போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். விரிப்பின் மேல் ஒரு பூப்போட்ட துண்டு கிடக்கும். வந்தவர்களுக்கு அது வெறும் துண்டு. வருகிறவர்களே குறைவு.

ஐம்பத்து நான்கு வயதில் ராதாவைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது சொற்பம். பாலிமர் வேதியியல் படித்தவள். கணவர் ராஜேந்திரன் காலமான பிறகு, மகள் கல்லூரி முடிக்கும்வரை ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரம் பார்த்தவள். பிறகு பீன்யாவில் ரங்கநாதனின் சின்னத் தொழிற்சாலைக்கு வந்தவள். யாருக்கும் தெரியாதது ஒன்று. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் தீபிகாவுடையது. அன்றிலிருந்து ராதாவுக்குத் தும்மினால், சிரித்தால், படியேறினால், பஸ் ஒரு குழியில் இறங்கினால், சொட்டுச் சொட்டாகப் போய்விடும். போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். சரியாகவில்லை. மறுபடி போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கம் பழகிப்போய் வழக்கமானது. கறுப்பு, கருநீலம், அரக்கு என்று புடவைகளின் நிறம் இறங்கியது. வெளியே போகிற நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. பஸ்ஸில் கடைசி வரிசை ஜன்னல். கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே போட்ட நாற்காலி. பீரோவில் புடவை மடிப்புக்கெல்லாம் வெட்டிவேர்.

ஈரத்தைக்கூட மறைத்துவிடலாம். நாற்றம்தான் அவளைத் துரத்தியது.

அந்தக் குடைக்கு வருவோம். ஜயநகரில் தீபிகாவும் தருணும் புது ஃபிளாட்டுக்குப் போன மறுநாள் காலை ராதா கிளம்பிப் படியிறங்கினாள். குடை நினைவுக்கு வந்து திரும்ப ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. சமையலறைக்குள் மகள் மருமகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா வந்துவிட்டுப் போனால் இரண்டு நாளைக்கு வீடெல்லாம் நாற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ராதாவின் காதில் அப்படித்தான் விழுந்தது. மருமகன் சிரித்தான். ராதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், குடையில்லாமல் இறங்கினாள். அன்று மழை வேறு.

அதற்கு அடுத்த வாரம் அவள் ரங்கநாதனின் எதிரே போய் நின்றாள்.

ரங்கநாதன் கரூர்க்காரர். நெசவு வியாபாரக் குடும்பம். பெங்களூருக்கு வந்து ஏழெட்டு வருஷமாக ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் போட்டுக்கொண்டிருந்தார். கன்னடத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணிக்கையும், சீக்கிரம் என்பதற்கான "பேக பேக"வும்தான். பெரியவர்களுக்கான பேட் ஒன்று செய்யலாம், ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், முக்கியமாக நாறக் கூடாது என்று ராதா சொன்னாள். யாருங்க மேடம் கேக்கறாங்க இதை, என்றார் அவர். யாரும் கேட்க மாட்டார்கள், கிடைத்தால் வாங்குவார்கள் என்றாள் ராதா. அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே எதுவும் கேட்கவில்லை. பின்பக்கத்து ஷெட்டில் ஒரு மேஜையும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கேட்காமைக்காகவே அவரிடம் அவளுக்கு மரியாதை.

ஈரத்தை வாங்குகிற பாலிமர் வெளியிலேயே கிடைத்தது. சர்க்கரைபோல வெள்ளைத் தூள். ஒரு ஸ்பூன் தூளில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் ஜவ்வரிசிக் கஞ்சிபோலப் பொங்கி நிற்கும், சாய்த்தாலும் சிந்தாது. பாடுபட்டதெல்லாம் நாற்றத்துக்காகத்தான். மூத்திரம் வரும்போது பெரிதாக நாறுவதில்லை. அதில் கிருமி உட்கார்ந்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் நாறுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். ஆனால் மருந்தைத் துணியில் சும்மா தெளித்தால் அது கரைந்து தோலில் ஏறி, வயதானவர்களுடைய காகிதத் தோலைப் புண்ணாக்கிவிடும். எனவே மருந்தைப் பாலிமர் சங்கிலியின் ஒரு கண்ணியாகவே சேர்த்து, அந்தச் சங்கிலியைத் துணியின் இழையோடு பிணைத்துவிட வேண்டும். கட்டிப்போட்ட நாய் மாதிரி, என்று ரங்கநாதனுக்கு விளக்கினாள். வருகிறவனைக் கடிக்கட்டும், வாசலைத் தாண்டக் கூடாது.

நாய் பல மாதம் கட்டுக்கு அடங்கவில்லை. ஒரு தடவை மருந்து துணியோடு ஒட்டவே இல்லை, அலசின தண்ணீரோடு போய்விட்டது. ஒரு தடவை நன்றாக ஒட்டியது, ஆனால் துணி அட்டையாக விறைத்துக்கொண்டது. சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, மறுபடி சூட்டைக் கூட்டி, கடைசியில் மிருதுவான, வெளுப்பான, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு துணி கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல ஆள் இல்லாமல், குழாயடியில் நின்றிருந்தாள்.

சோதனைக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். துணியை மூத்திரத்தில் நனைத்து, மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில், உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைப்பது. காலையில் மூடியைத் திறந்து மூன்று பேர் முகர்ந்து பார்ப்பது. ரங்கநாதன் ஒரு மூக்கு, ஸ்டோர்ஸ் உத்தமன் ஒரு மூக்கு, பேக்கிங்கில் இருந்த விஜி ஒரு மூக்கு. செய்தவளின் மூக்கு கணக்கில் சேராது. அந்த விதியைப் போட்டதே ராதாதான். ஆசை இருக்கிற மூக்கு பொய் சொல்லும்.

ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஜாடியைப் பற்றிய சாட்சி அல்ல. புதுத் துணி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் முதல் பேடை அவளே கட்டிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வீட்டில் லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்தால் தாள் நிறம் மாறவில்லை. தாள் சொன்னது சரி. தாளுக்கு மகள் இல்லை, மருமகன் இல்லை, அது யார் வீட்டுக்கும் போய் ராத்தங்கப் போவதில்லை. தன் மூக்கோ தன் உடம்புக்குப் பழகிப்போனது. இன்னொரு மூக்கு வேண்டும். கூட ஒருத்தர் இருக்கிற வீட்டில் அது தானாகக் கிடைக்கும், காசு கொடுக்காமல், கேட்காமல். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டினால் காலை வரை ஒரே மூக்குதான்.

ஒருநாள் துணிந்து மதியச் சாப்பாட்டுக்கு விஜியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதுவரை அவள் தனியாக ஷெட்டில் சாப்பிடுகிறவள். விஜிக்கு ஆச்சரியம். மர்பி டவுன்காரி, நாலு பாஷை ஒரே மூச்சில் பேசுவாள். உடனே தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை ராதாவின் மூடியில் வைத்தாள். ராதா சாப்பிடவே இல்லை, விஜியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுருங்கவில்லை. விரியவும் இல்லை. இன்னும் ஒரு விரற்கடை நெருங்கி உட்கார்ந்தாள். அப்போது விஜி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்னா சாப்பாடோ மேடம், ரெண்டு நாளா ஜலதோசம். கருவாடா கத்திரிக்காவான்னுகூடத் தெரியல."

ராதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வேறு என்னவோ ஆகி, அவசரமாக எழுந்துபோனாள்.

ஜாடிச் சோதனை தேறிய பிறகு பிரேசர் டவுன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டு அனுமதி வாங்கினார்கள். இல்லத்து டாக்டரும் அங்கிருந்தவர்களும் சம்மதித்த பிறகு பேட்களைக் கொடுத்தார்கள். அங்கே பெரும்பாலும் கன்னடக்காரப் பெண்கள். விஜி தினம் போய்த் தோல் சிவந்திருக்கிறதா, ஈரம் தங்குகிறதா, வாடை வருகிறதா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். தானே போகிறேன் என்று ராதா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். படுக்கைகளுக்கு நடுவே தான் நின்றால் எந்த வாடை யாருடையது என்று குழம்பிவிடுமோ என்று அவளுக்கு ஒரு பயம்.

தீபிகா சண்டை போட்டுவிட்டுப் போனதற்கு மறுநாள், திங்கட்கிழமை, ராதா தொழிற்சாலை வாசலில் கால் வைத்ததும் மல்லிகைப்பூ வாடை முகத்தில் அடித்தது. பூ அல்ல, பூவைப்போல ஒன்று. ரங்கநாதனின் மேஜைமேல் ஒரு பெரிய அலுமினியக் கேன் இருந்தது.

"உட்காருங்க மேடம். சங்கடமான சேதிதானுங்க" என்றார். "விஜி சனிக்கிழமை வந்து சொல்லிருச்சுங்க. அத்தனை பேரும் ஒரே மாதிரி கம்ப்ளெயிண்டு. வாசனை இல்லைங்கறாங்களாம்."

அந்தக் கேன் ஊதுபத்திக் கம்பெனிகளுக்கு சென்ட் போடுகிறவரிடமிருந்து வந்தது. இரண்டு சொட்டு விட்டால் போதும், பேட் கமகமவென்று இருக்கும் என்று அவர் சொன்னாராம்.

ராதா உட்காரவில்லை. வாசனை இல்லாமல் இருப்பதற்குத்தானே இத்தனை நாள் பாடுபட்டது என்றாள். அது நமக்குத் தெரியுமுங்க, வாங்கறவங்களுக்கு மூக்குக்கு ஏதாச்சும் தெரியணுமில்லீங்களா என்றார் அவர். எண்ணெய்ப் பசையுள்ள அந்த சென்ட் துணிமேல் படர்ந்தால் கிருமி மருந்தை மூடிவிடும், தோலும் அரிக்கும் என்றாள். வயசானவங்களுக்கும் ஆசைன்னு ஒண்ணு இருக்குமுங்களே மேடம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

"சார், பூ வாசனையையும் மூத்திர நாத்தத்தையும் சேர்த்து நீங்க முகர்ந்து பார்த்ததில்லை. தனியா வர்ற நாத்தம் தேவலாம். பவுடர் போட்டு மூடினா, மூடினவங்களே காட்டிக்கொடுத்துக்கிற மாதிரி. பக்கத்துல இருக்கிறவங்க ரெண்டையும் கண்டுபிடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னலைத் திறப்பாங்க."

ரங்கநாதன் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தை கூடிப்போனது ராதாவுக்குப் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் விஜி உள்ளே வந்தாள். வந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஜலதோஷம் எப்போதோ போய்விட்டிருந்தது. என்ன சார் கல்யாண மண்டபம் மாதிரி, என்றாள். நீ கொண்டுவந்த கம்ப்ளெயிண்டுக்குத்தானம்மா இது என்று ரங்கநாதன் சொன்னார். கம்ப்ளெயிண்டா, நான் எங்கே கொண்டுவந்தேன் என்று அவள் கேட்டாள். வாசனை இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்கன்னு நீதானே சொன்னே, என்றார்.

"அது நல்லாருக்குன்னு சொன்னது சார்."

"வாசனை இல்லைன்னா எப்படியம்மா நல்லாருக்கும்?"

"ஐய, கன்னடத்துல வாசனைன்னா நாத்தம் சார். வாசனெ இல்ல, வாசனெ இல்லன்னு கையெடுத்துக் கும்பிடறாங்க அங்க. ஒரு அம்மா, பேத்தி வந்து கட்டில்ல பக்கத்துலயே உக்காந்துச்சுன்னு அழுவறாங்க. நான் அதை அப்படியே வந்து சொன்னேன்."

ரங்கநாதன் ஒரு நிமிஷம் கேனைப் பார்த்தார், விஜியைப் பார்த்தார், பிறகு மேஜையில் தட்டிச் சிரித்தார். ஏழெட்டு வருஷமா இந்த ஊர் உப்பைத் திங்கறேன், இது தெரியாமப் போச்சுங்களே என்றார். அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம். தமிழும் கன்னடமும் பேசுகிற உங்கள் வீட்டில் வாசனை என்றால் எது என்று கேட்டார்.

"எங்க ஊட்ல ரெண்டும்தான் சார். பிரியாணிக்கும் வாசனைதான், சாக்கடைக்கும் வாசனைதான். சொல்றவங்க மூஞ்சப் பாத்தாத் தெரிஞ்சிடும். மூக்கு சுருங்குதா, விரியுதான்னு. ஹோம்லகூட அந்தச் சந்திரம்மா ரெண்டு பாஷையும் பேசறவங்க. அவங்க வாசனை இல்லன்னப்ப நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், மூஞ்சப் பாக்கல. அவங்களுது மட்டும் எனக்கு இன்னும் டவுட்டுதான்."

அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ராதா ஷெட்டுக்கு வந்துவிட்டாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், கழுவிய கையையே மறுபடி கழுவினாள். ஜெயித்தாகிவிட்டது. பேட் வேலை செய்கிறது. யாருடைய பேத்தியோ கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவள் மனம் அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை. ஜயநகர் படிக்கட்டில் ஏறி, திறந்திருந்த கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றது.

மகள் அன்றைக்கு 'நாற்றம்' என்று சொல்லவில்லை.

இப்போது யோசித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. தீபிகாவும் தருணும் தங்களுக்குள் பேசுவது கன்னடமும் இல்லை, தமிழும் இல்லை. அவனுக்காக அவள் பாதி தூரம் போவாள், அவளுக்காக அவன் பாதி தூரம் வருவான். அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்: "அம்மா வந்துட்டு ஹோதரெ, எரடு தினா வீடெல்லாம் வாசனை." அதில் 'போனால்' கன்னடம். 'இரண்டு நாள்' கன்னடம். 'வீடெல்லாம்' தமிழ். கடைசிச் சொல் இரண்டுக்கும் பொது. 'னை'யா 'னெ'யா என்று நினைவைப் பிசைந்து பார்த்தாள். பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். முப்பது வருஷமாக பஸ்ஸிலும் கடையிலும் அந்தச் சொல்லை மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்களையே பார்த்திருந்த காது, யோசிக்காமல் கன்னடமாக எடுத்துக்கொண்டது. வெட்டிவேர் மடிப்புப் புடவை ஒன்று அந்த வீட்டில் ஒரு ராத்திரி கிடந்ததே, அதை அந்தக் காது நினைக்கவில்லை.

அல்லது காது சரியாகத்தான் கேட்டதோ என்னவோ. தருண் சிரித்தானே. அந்தச் சிரிப்பு எந்த பாஷை?

வெட்டிவேர் என்றால் இரண்டு வருஷம் வீண். நாற்றம் என்றால் மகள் பிரசவத்துக்கு அழைப்பது மூக்கைப் பொறுத்துக்கொண்டு. எப்படி இருந்தாலும் இனி தெரியாமல் இருக்க முடியாது என்று பட்டது. டெலிபோனில் கேட்கலாம். டெலிபோனுக்கு முகம் இல்லை.

சனிக்கிழமை காலை புது பேட் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். பீரோவைத் திறந்து, வெட்டிவேர் வைக்காத புடவையாகத் தேடினாள். அப்படி ஒன்று இல்லை. கொடியில் காய்ந்த பழைய மஞ்சள் கைத்தறியை எடுத்துக் கட்டினாள். பவுடர் போடவில்லை. கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தி நிதானமாகக் குடித்தாள். குடித்துவிட்டுப் பயந்தாள். பஸ்ஸில் நடு வரிசையில் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்து, லால்பாக் வரும்வரை தூங்கி இவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தாள். தூங்குகிறவளின் சாட்சி செல்லாது என்று ராதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தோளை எடுக்கவில்லை.

கதவைத் திறந்த தீபிகா வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. தருண் ஆபீசுக்குப் போயிருப்பதை மட்டும் சொன்னாள். உள்ளே ஆணியில் குடை தொங்கியது. மேலே தூசு இல்லை, யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். ராதா ஜன்னல் பக்கம் போன காலைத் திருப்பி, சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள்.

மகள் அதைக் கவனித்தாள். காபி போடச் சமையலறைக்குப் போனாள். அடுப்பு சோபாவிலிருந்து தெரியும். மகளின் முதுகுதான் தெரியும்.

அந்த முதுகிடம் ராதா பேசத் தொடங்கினாள். அவங்களுக்கு நீ யாரு என்று கேட்டாய் அல்லவா, அந்த பேட் முதலில் எனக்குத்தான் என்றாள். எதனால் ஜன்னலோரம் நிற்கிறாள், ஏன் தங்குவதில்லை, சோபாவிலிருந்து எழுந்த மகளுக்கு ஏன் கைகொடுக்கவில்லை, எல்லாவற்றையும் லேபில் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னாள். வேறு குரல் வரவில்லை. தீபிகா பாலைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"எப்பலேர்ந்தும்மா?"

மகளின் இடுப்பையும், அதன் முன்னால் நிற்கிற வயிற்றையும் ராதா பார்த்தாள்.

"இப்ப ஒரு அஞ்சாறு வருஷமா. வயசாச்சில்ல" என்று பொய் சொன்னாள்.

பால் பொங்க வந்தது. தீபிகா அடுப்பைச் சிறிதாக்கினாள், திரும்பவில்லை. அவள் அழுகிறாளா, யோசிக்கிறாளா, முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என ராதா காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. பிறகு ராதா கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் குடைக்காகத் திரும்பி வந்ததையும், கதவு திறந்திருந்ததையும் சொன்னாள். அந்த வாக்கியத்தை, கன்னடத்தைக் கன்னடமாகவும் தமிழைத் தமிழாகவும் வைத்து, அப்படியே திருப்பிச் சொன்னாள். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது குரல் கொஞ்சம் பிசகியது. மகளின் தோள்பட்டை ஒரு தடவை உயர்ந்து இறங்கியது.

ராதா சோபாவைவிட்டு எழுந்தாள். உட்கார்ந்த இடத்தைப் பழக்கதோஷத்தில் கையால் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. சமையலறை நிலைப்படி வரைக்கும் போய், அதற்கு மேல் போகாமல் நின்றாள்.

"கொஞ்சம் இப்படித் திரும்பு தீபி. அன்னைக்கு நீ சொன்ன வாசனை, தமிழா கன்னடமா?"